செலவாகாமல் போன பணம்

போன மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பயிற்சி வகுப்பில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "மேடம், உங்க சர்வீஸ்ல கவர்மென்ட்டுக்கு எவ்வளவு மிச்சம் பண்ணிக் கொடுத்திருப்பீங்க? தோராயமா சொன்னாலும் போதும்" என்றாள்.

தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தணிக்கையில் இருந்தவள், ஒரு ரூபாய் குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவள், இதற்குக் கணக்கு வைத்திருக்க மாட்டாளா என்று நினைத்திருப்பாள். நான் சொன்னேன்: பெண்ணே, செலவான பணத்துக்கு ரசீது உண்டு, ரிப்பன் வெட்டு உண்டு, கல்வெட்டில் பத்துப் பேரின் பெயர் உண்டு. செலவாகாமல் போன பணத்துக்கு ஒன்றும் கிடையாது. அது நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்?

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடவில்லை. மஞ்சுளா என்ற பொறியாளரின் நினைவாகவே இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

நான் இரும்புலியூர்க்காரி. அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். எனக்கு உள்ளாட்சித் தணிக்கையில் வேலை கிடைத்தது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று மக்களின் வீட்டு வரியைச் செலவு செய்கிற அலுவலகங்களின் கணக்கைப் பார்க்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், வந்த வரன் எல்லாவற்றுக்கும் ஆடிட் அப்ஜெக்‌ஷன் போட்டுவிட்டேன் என்று சொல்வது வழக்கம். சிரிப்பார்கள், மேலே கேட்க மாட்டார்கள். அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிகளைப் படித்தேன், துறைத் தேர்வு எழுதினேன், ஒரு தடவை தோற்றேன். வேலை கற்றது சுந்தரேசன் சாரிடம். அவர் எங்கள் உதவி இயக்குநர். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார், மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு. கையில் ஒரு துணிப்பை. அதில் தண்ணீர் பாட்டில், தயிர்சாதம், அளக்கிற சுருள் டேப். போகிற அலுவலகத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். "அவங்க காபி நல்லாத்தான் இருக்கும். அதான் பிரச்சினை" என்பார். கீழே வேலை செய்கிற எல்லாரையும், கடைநிலை ஊழியர் வரை, நீங்க என்றுதான் அழைப்பார். திட்டும்போதும் நீங்கதான். அது இன்னும் உறைக்கும்.

புதிதாக வருகிறவர்களை முதலில் வரி வசூல் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது நிற்க வைப்பார். நானும் நின்றேன். ஓட்டு வீட்டுக்காரர்கள், மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்ட விதவைகள், பஞ்சாயத்து நாளிலிருந்து ஒரே தொகையைக் கட்டி வந்து இப்போது கூடிப்போயிற்றே என்று குமாஸ்தாவிடம் நியாயம் கேட்கும் தாத்தாக்கள். மடித்து மடித்து மெலிந்துபோன நோட்டுகளை எடுத்து நீட்டுவார்கள். மத்தியானம் சார் கேட்டார், என்ன பார்த்தீங்க என்று. வரி கட்டுறவங்களைப் பார்த்தேன் சார் என்றேன். "அவ்வளவுதான் டிரெய்னிங். மீதி எல்லாம் புஸ்தகத்துல இருக்கு" என்றார்.

அவருடைய இன்னொரு வழக்கத்தைத்தான் நான் கடைசி வரை பின்பற்றினேன். எந்தச் செலவானாலும் ஃபைலை முதலில் படிக்க மாட்டார். போய் இடத்தைப் பார்ப்பார். ஃபைலைப் படித்துவிட்டுப் போனால் ஃபைலில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும் என்பது அவர் கட்சி.

ஒரு பேரூராட்சியில் புதிதாகக் கட்டிய பேருந்து நிழற்குடையைப் பார்க்க என்னை அழைத்துப் போனார். நல்ல கட்டடம். கிரானைட் பெஞ்சு, மேலே தலைவரின் பெயர். சார் டேப்பை எடுத்து அளக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். வெயில் ஏறியது. ஒரு ஆடு வந்து காலடியில் படுத்தது. எதிரே கீரை விற்றுக்கொண்டிருந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னா சார் யாருக்குக் காத்துகினு கீறீங்க என்று கேட்டாள். பஸ்ஸுக்கு என்றார் சார். அந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த ரோட்டுல இன்னாத்துக்கு பஸ் வருது? மெயின் ரோட்டாண்ட போங்க. இது ஆட்டுக்குக் கட்டினது."

அலுவலகத்துக்குத் திரும்பி ஃபைலைப் பார்த்தோம். மதிப்பீடு சரி, ஒப்பந்தப்புள்ளி சரி, அளவு சரி, சிமென்ட் சரி. பஸ்தான் வரவில்லை. சார் எழுதிய தணிக்கைத் தடை, அதாவது அப்ஜெக்‌ஷன், இரண்டே வரி: பேருந்து செல்லாத சாலையில் பேருந்து நிழற்குடை அமைத்ததன் அவசியம் விளக்கப்பட வேண்டும். ஊழல், மோசடி, கொள்ளை என்ற சொற்களை அவர் வாழ்க்கையில் எழுதியதில்லை. விளக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். யாரும் விளக்கவும் இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதையை அரசாங்கத் தமிழில் எப்படி விளக்குவது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு என்னைத் தாம்பரத்தை ஒட்டிய ஒரு நகராட்சியில் போட்டார்கள். பெயர் வேண்டாம். தணிக்கைக்கு அங்கேயே ஒரு அறை உண்டு. அவர்கள் கட்டடம், அவர்கள் நாற்காலி, ஆனால் நாங்கள் அவர்கள் ஆள் இல்லை. என் அறை பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு அடுத்தது. நான் வராந்தாவில் நடந்து வந்தால் பேச்சு நிற்கும். கடந்து போனதும் மறுபடி தொடங்கும். தீபாவளிக்கு எல்லா மேசைக்கும் ஸ்வீட் பாக்கெட் வரும், என் மேசையைத் தாண்டிப் போகும். நான் வாங்க மாட்டேன் என்று தெரியும். இருந்தாலும் தாண்டிப் போவதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையும் கொடுக்க மாட்டார்கள். தணிக்கைக்காரியைக் கூப்பிட்டால் அவளுக்கும் சங்கடம், கூப்பிட்டவருக்கும் சங்கடம். பாம்புக்குப் பயந்த மாதிரி பயந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மாமியார் வந்திருக்கிற வீடு மாதிரி நடந்துகொண்டார்கள்.

அந்த அலுவலகத்தில் என்னோடு மனுஷியாகப் பேசிய ஒரே ஆள் மஞ்சுளா. உதவிப் பொறியாளர். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். அந்தக் குப்பத்தில் பொறியியல் படித்த முதல் பெண். கணவர் படகு வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். சேலையூரில் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புவார். பெண்கள் உட்கார்ந்து சாப்பிட அந்தக் கட்டடத்தில் வேறு இடம் இல்லாததால் மஞ்சுளா என் அறைக்கு வர ஆரம்பித்தாள். அவள் டப்பாவை அவள் சாப்பிடுவாள், என் டப்பாவை நான் சாப்பிடுவேன். வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது நாங்கள் சொல்லாமலே வைத்துக்கொண்ட ஏற்பாடு. மகளின் கணக்கு டீச்சர், கணவரின் படகு என்ஜின், என் முழங்கால், இதெல்லாம்தான் பேச்சு. அவள் வராத நாளில் சாப்பாடு இறங்காது. அதை அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு பிப்ரவரி மாதம் அவள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை மேடம், தெருவிளக்கு வேலை தலைக்கு மேல இருக்கு என்றாள். பிறகு ஏற்பாட்டை மறந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்போது எங்கள் பக்கத் தெருக்களில் விளக்குகளுக்குக் கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு சுவிட்ச். அதைப் போட்டால் அந்தத் தெரு முழுக்க எரியும். இந்த சுவிட்சுகளை எல்லாம் எடுத்துவிட்டு, நேரம் வைத்தால் தானாக எரிந்து தானாக அணையும் கருவியை ஊர் முழுக்கப் பொருத்தப் போகிறார்கள். பாதிப் பணம் மேலேயிருந்து வந்த மானியம். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். மீதிப் பாதியும், வருஷா வருஷம் பராமரிப்புக்குக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியதும் நகராட்சியின் பொறுப்பு. அதற்காக வீட்டு வரியைக் கூட்டும் தீர்மானம் தயாராகிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அடிப்படையாக ஒரு சான்று வேண்டும்: எல்லாத் தெருக்களிலும் விளக்குகள் பகலிலும் எரிந்து மின்சாரம் வீணாகிறது என்று உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து எழுதித் தர வேண்டும்.

"நேர்ல பார்த்தியா?" என்று கேட்டேன்.

"ஆபீஸுக்கு வர வழியில ரெண்டு தெருவுல எரியுது மேடம். மத்ததை எங்க போய்ப் பார்க்கறது? தண்ணி லாரி விடறதுக்கே நேரம் போதலை. கமிஷனர் சார் நாளைக்கே கேக்கறார்."

ஆணையர் கெட்டவர் இல்லை. வந்த பணம் திரும்பிப் போனால் அடுத்த வருஷம் குறைத்துத்தான் தருவார்கள் என்று அவருக்குப் பயம். எல்லா அலுவலகத்திலும் மார்ச் மாதத்தில் வருகிற காய்ச்சல் அது. ஒரு வாரம் டைம் கேளு என்று மட்டும் மஞ்சுளாவிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

எனக்கு விடியற்காலையில் எழுந்து நடக்கிற பழக்கம் உண்டு. தூக்கம் வராதவர்களுக்கு அது ஒரு வசதி. மறுநாளிலிருந்து அந்த நகராட்சியின் தெருக்களில் போய் நடந்தேன். யார் விளக்கை அணைக்கிறார்கள் என்று பார்க்கத்தான். மின்வாரிய ஆளும் நகராட்சி ஆளும் அணைப்பதாகக் காகிதத்தில் இருந்தது. தெருவில் அவர்கள் யாரையும் காணோம்.

ஆனால் விளக்குகள் அணைந்தன. ஒரு தெருவில் பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்திக் கம்பத்தில் கையை வைத்து அணைத்துவிட்டுப் போனார். ஒரு தெருவில் காலைத் தொழுகை முடித்து வந்த பெரியவர். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஏழெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்கிறார். வெளியூர் போனால் சம்பந்தியை வரவழைத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவாராம். ஒரு சந்தில் மட்டும் எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்குள் சண்டை. ஒருவர் அணைப்பார், அவர் உள்ளே போனதும் மற்றவர் வந்து போடுவார். பகலெல்லாம் எரிந்தது அந்தச் சந்திலும், அணைக்க ஆளில்லாத ஒன்றிரண்டு தெருக்களிலும்தான். அந்தச் சந்துக்குக் கருவி வேண்டும் என்று எனக்கே தோன்றியது. யாருக்கும் இதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. நம்ம தெரு விளக்கு, நாம்தான் அணைக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் பதிலாக ஒரு கருவியை வைத்து, அந்தக் கருவிக்காக இதே ஆட்களிடம் கூடுதல் வரியும் வாங்கப் போகிறோம்.

இப்போது என் சிக்கலைச் சொல்ல வேண்டும். நாங்கள் செலவுக்குப் பின்னால் வருகிறவர்கள். பணம் போய், வேலை முடிந்து, கணக்கு எங்கள் மேசைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். முன்னால் யோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை, கூடாது. நான் விதிப்படி சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். மஞ்சுளா சான்றில் கையெழுத்துப் போடுவாள். கருவிகள் வரும், வரி கூடும். அடுத்த வருஷம் நான் தடை எழுதுவேன். தீர்மானம் போட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஆணையர் வேறு ஊருக்குப் போயிருப்பார். பார்க்காததைப் பார்த்ததாகச் சான்று கொடுத்த உதவிப் பொறியாளர் மட்டும் மாட்டுவாள். சம்பளத்திலிருந்து வசூல், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பதவி உயர்வு நிறுத்தம். குப்பத்திலிருந்து படித்து வந்த ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்து விழும்.

அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. கேட்பதற்கு வீட்டிலும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். சாமி என்ன சொல்லும்? சாமிக்கும் நடந்து முடிந்த பிறகுதான் கணக்குப் பார்த்துப் பழக்கம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுளாவிடம், நாளைக்கு விடிகாலையில் ஸ்டேஷன் பக்கம் வர முடியுமா, கொஞ்ச தூரம் நடக்கலாம் என்றேன். அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். அவ்வளவு நாள் பழக்கத்தில் நான் அவளை எங்கும் கூப்பிட்டதில்லை. வர்றேன் மேடம் என்றாள்.

வந்தாள், தலைவாரக்கூட நேரமில்லாமல் கொண்டை போட்டுக்கொண்டு. தெருத் தெருவாக நடந்தோம். பேப்பர்காரர் அணைத்தார், பெரியவர் அணைத்தார், விமானப்படைக்காரர் எங்களைப் பார்த்து குட்மார்னிங் சொல்லிவிட்டு அணைத்தார். அவளுக்கு இரண்டாவது தெருவிலேயே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியாக ஒரு தெருமுனையில் இட்லிக்கடை போடும் அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எழுந்து போய் சுவிட்சை அணைத்தாள். மஞ்சுளா அவளிடம் போனாள்.

"ஏம்மா, டெய்லி நீங்கதான் ஆஃப் பண்றீங்களா?"

"பின்ன யாரு? எங்க வூட்டுக்காரு இருந்தப்போ அவரு ஆஃப் பண்ணுவாரு. இப்போ நான் பாத்துகினு கீறேன்." அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா, ஆபீஸா? மாத்தப் போறீங்களா?"

"மாத்தணுமா?"

"இன்னாத்துக்கு? நல்லாத்தான் கீது. பொட்டிக்கு மூடி மட்டும் இல்ல. மழை பேஞ்சா கை வைக்க பயமா கீது. ஒரு மூடி போட்டுக் குடுத்தாப் போதும்."

மஞ்சுளா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உண்மைதான், மூடி இல்லை. திரும்பி வரும்போது பார்த்தால், வந்த வழியில் பாதிப் பெட்டிகளுக்கு மூடி இல்லை. இத்தனை நாள் நடந்தும் அது என் கண்ணில் படவில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தடியில் நின்று டீ குடித்தோம். அவரவர் டீக்கு அவரவர் காசு. அப்போதுதான் அவள் கேட்டாள், இதை எதுக்கு மேடம் எனக்குக் காட்டினீங்க என்று. நீ நேரில் பார்த்ததாகத்தானே எழுதணும், அதுக்காகத்தான் என்றேன்.

மீதித் தெருக்களையும் அடுத்த விடிகாலைகளில் போய்ப் பார்த்துவிட்டு, அவள் பார்த்ததை எழுதினாள். பெரும்பாலான தெருக்களில் மக்களே விளக்குகளை நேரத்தில் அணைக்கிறார்கள். சில இடங்களுக்கு மட்டும் கருவி போதும். மற்ற எல்லா சுவிட்ச் பெட்டிகளுக்கும் மூடி போட வேண்டும், அது உடனடித் தேவை. ஆணையர் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மாற்றி எழுதச் சொன்னார். இரண்டு தடவையும் அதையே எழுதினாள். சான்று இல்லாமல் ஆணையரால் மேலே போக முடியவில்லை. மார்ச் முடிந்தது, மானியம் திரும்பிப் போனது. வரியைக் கூட்ட அடிப்படை இல்லாமல் தீர்மானமும் நின்றது. கவுன்சிலர்கள் கத்தினார்கள். வந்த பணத்தை வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசி என்று மஞ்சுளாவுக்குப் பெயர்.

ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அந்த அரையாண்டும் பழைய வரியைத்தான் கட்டினார்கள். கூடாத வரிக்கு யார் நன்றி சொல்வார்கள்? வரிசையில் நின்றார்கள், முணுமுணுத்தார்கள், கட்டினார்கள், போனார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பெட்டிகளுக்கு மூடி வந்தது. அதற்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் விடிகாலையில் தெருவில் நடந்ததை யாரோ பார்த்து, தலைமை அலுவலகம் வரை சேதி போய்விட்டது. சுந்தரேசன் சார் கூப்பிட்டார். உட்காருங்க என்றார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க முன்னாடி சொல்ல ஆரம்பிச்சா, நாளைக்கு எல்லாரும் உங்களைக் கேட்டுட்டுத்தான் செய்வாங்க ஸ்டெல்லா. உங்களைக் கேட்டுட்டுச் செஞ்சதை அப்புறம் நீங்க எப்படித் தடை பண்ணுவீங்க?"

எழுத்து மூலம் விளக்கம் கேட்டார், கொடுத்தேன். ஏற்கவில்லை. என்னை அந்த நகராட்சியிலிருந்து எடுத்தார், பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். அறையை விட்டு வெளியே வரும்போது, "எல்லாத் தெருவும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் சார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லாமல் போயிற்று. எங்கள் துறையில் நான் எல்லை தாண்டியவள். நகராட்சிக்காரர்களுக்கு, நல்ல பெண்ணின் மனதைக் கெடுத்துப் பணத்தைத் திருப்பி அனுப்ப வைத்தவள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எனக்கு முன்னால் என் கதை போய் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் விலை கொடுத்தவள் நான் இல்லை. மே மாதம் மஞ்சுளாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது, நிர்வாகக் காரணம் என்று போட்டு. தெற்கே, ரயிலில் ஒரு இரவு தூரம். அங்கே கடல் கிடையாது. கணவரால் படகை விட்டுவிட்டு வர முடியாது. அதுதான் குடும்பத்துக்குப் பாதிச் சோறு. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் மட்டும் போக வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு இதை அவள் சொல்லவில்லை. அவள் அலுவலகத்து ஓட்டுநர் ஒருவர் ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார், எந்த நாள், எந்த வண்டி என்பது வரை.

போகலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருந்தேன். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. கடைசியில் போனேன். எழும்பூரிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பொழுது சாயும் நேரம், நடைமேடை நிரம்பி வழிந்தது. கணவர் தலையில் ஒரு மூட்டையும் கையில் ஒரு அடுப்புமாக நின்றார். மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா என்னைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். வழியில் பழம் வாங்கியிருந்தேன், அதை மகளிடம் கொடுத்தேன்.

"நீங்க அன்னிக்கு என்னைக் கூப்பிடாம இருந்திருந்தா நான் இங்கயேதான் இருந்திருப்பேன் மேடம்" என்றாள் மஞ்சுளா.

ஆமாம் என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருப்பேன். அடுத்த வருஷம் நீங்க என் பேர்ல அப்ஜெக்‌ஷன் எழுதியிருப்பீங்க. இல்ல?"

வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது ஒரு சின்னப் பொய், ஊருக்குப் போகிறவளுக்கு வழித்துணையாகக்கூட இருந்திருக்கும். என் வாயில் அது வரவில்லை.

"எழுதியிருப்பேன்" என்றேன்.

"தெரியும் மேடம். அதான் அன்னிக்கு உங்க கூட நடந்தேன். வேற யாராவது கூப்பிட்டிருந்தா தூங்கிட்டிருந்திருப்பேன்."

வண்டி வந்தது. கணவர் மூட்டையை உள்ளே தள்ளி, மகளைத் தூக்கிவிட்டார். ஏறும் முன் மஞ்சுளா என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கை என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வண்டி நகர்ந்தபோது அவள் கணவர் ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

வண்டி போன பிறகு அவர் திரும்பி நடந்து வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எந்தப் பக்கம் போறீங்க அக்கா?" என்று கேட்டார். இரும்புலியூர் என்றேன். அவர் சேலையூர். வெளியே வரும் வரை சேர்ந்து நடந்தோம். சாலைக்கு வந்ததும் அவர் கிழக்கே போனார், நான் மேற்கே போனேன். இரண்டு வீட்டிலும் அன்றைக்கு ஆள் இல்லை.